சிறு திருட்டும் நீதிமன்றமும்: கொல்கத்தா நகரின் அனுபவம்

நாட்டின் குற்றவியல் நீதி முறையை மதிப்பிட விரும்புவோர் பெரும்பாலும் கொலை, கொள்ளை, பெரும் மோசடி போன்ற வழக்குகளையே எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும், சாதாரணக் குடிமகன் நீதிமன்றத்தின் படியேறுவது பெரும்பாலும் சிறு வழக்குகளின் பொருட்டேயாகும். நடைபாதைக் கடையில் காணாமற்போன பொருள், நெரிசலில் பறிபோன பணப்பை, கட்டடப் பணியிடத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இரும்புக் கம்பி ஆகியவை இத்தகையன. இவ்வழக்குகளில் பொருளின் மதிப்பு சிறிது. ஆனால் பொருளை இழந்தவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஏற்படும் விளைவு சிறிதன்று.

2024 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் ஆகிய மூன்று சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. சிறு திருட்டைப் பொறுத்தவரை இவை ஒரு முக்கிய மாற்றத்தைச் செய்துள்ளன. இந்தியத் தண்டனைச் சட்டம் உருவான நகரமும், குற்றவாளிகளை அடையாளம் காணும் விரல்ரேகை முறை வளர்ந்த நகரமுமாகிய கொல்கத்தாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய வழக்குகள் எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வரலாற்றுப் பின்னணி

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837 இல் அளித்தது. அது 1860 இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் செயற்பட்டது. அதன் 379 ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதித்தது. திருடப்பட்ட பொருளின் மதிப்பைக் கொண்டு குற்றத்தை அச்சட்டம் வகைப்படுத்தவில்லை. பத்து ரூபாய்த் திருட்டும் பத்தாயிரம் ரூபாய்த் திருட்டும் ஒரே பிரிவின்கீழ் வந்தன. எவ்வளவு தண்டனை என்பது நடுவரின் முடிவுக்கு விடப்பட்டது. 1864 ஆம் ஆண்டின் கசையடிச் சட்டம் திருட்டுக்குக் கசையடி கொடுக்கவும் இடமளித்தது. இத்தண்டனை 1955 இல்தான் அடியோடு நீக்கப்பட்டது.

பொருளின் மதிப்பைவிட, குற்றவாளி முன்னரே தண்டிக்கப்பட்டவரா என்பதே அக்கால நீதிமன்றங்களுக்கு முதன்மையான வினாவாக இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி, திருட்டுக்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் ஆயுள் தண்டனையோ பத்து ஆண்டுவரை சிறையோ விதிக்கலாம். எனவே, பெயரை மாற்றிக்கொண்டு வரும் ஒருவரை அடையாளம் காண்பது அரசுக்கு இன்றியமையாததாயிற்று. வங்காளக் காவல்துறைத் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றியின் காலத்தில், அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு இந்திய அலுவலர்களின் உழைப்பால் விரல்ரேகைகளை வகைப்படுத்தும் முறை உருவாயிற்று. 1897 இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட விரல்ரேகை அலுவலகம் உலகிலேயே முதலாவதாகக் கருதப்படுகிறது.

1898 இல் ஜல்பாய்குரி மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேலாளர் கொலையுண்ட வழக்கில், பஞ்சாங்கம் ஒன்றில் பதிந்திருந்த இரத்த ரேகை, முன்பு திருட்டுக்குத் தண்டனை பெற்ற ஒருவருடையதென இவ்வலுவலகப் பதிவுகளின் உதவியால் கண்டறியப்பட்டது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. கொலைக் குற்றச்சாட்டில் ஐயத்தின் பயனை அவருக்கு அளித்தது. 1899 இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, விரல்ரேகை வல்லுநரின் கருத்து சான்றாக ஏற்கப்பட்டது. சிறு திருட்டுக் கைதிகளின் முன்தண்டனையை மெய்ப்பிப்பதே இம்முறையின் அன்றாடப் பயனாக விளங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. முதற்குற்றமா, மறுகுற்றமா என்னும் இவ்வேறுபாடு இன்றைய சட்டத்திலும் நடுநாயகமாக உள்ளது.

நகரின் நீதிமன்ற அமைப்பு

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றும் ஆங்கிலேயர் காலத்தில் மாகாணத் தலைநகரங்கள் என்ற தனி நிலை பெற்றிருந்தன. இவற்றில் மாகாண நடுவர்கள் குற்ற வழக்குகளை விசாரித்தனர். 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 இல் செயலுக்கு வந்தபோது, இந்நகரங்கள் அகமதாபாத்துடன் சேர்த்துப் பெருநகரப் பகுதிகளாகக் கொள்ளப்பட்டன. மாகாண நடுவர்களின் இடத்தைப் பெருநகரக் குற்றவியல் நடுவர்கள் பெற்றனர். சென்னையில் எழும்பூர் நீதிமன்றம் எத்தகையதோ, அத்தகையது கொல்கத்தாவில் டல்ஹௌசி சதுக்கத்தை அடுத்துள்ள பாங்க்ஷால் நீதிமன்றம். நடுவர்களின் தீர்ப்புகள்மீது, 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த நகர அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்பட்டது.

புதிய நடைமுறைச் சட்டம் பெருநகர நடுவர் என்னும் தனி வகுப்பை நீக்கிவிட்டது. நாடு முழுவதற்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு நீதித்துறை நடுவர்கள் என்ற ஒரே அமைப்பு வகுக்கப்பட்டுள்ளது.

நகரம் என்ற சொல்லும் நீதிமன்ற எல்லையும் ஒன்றல்ல என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். பழைய நகரப் பகுதியின் வழக்குகள் பாங்க்ஷாலுக்குச் செல்லும். 2011 செப்டம்பரில் கொல்கத்தா காவல்துறையின் எல்லைக்குள் கொணரப்பட்ட தென் புறநகர்ப் பகுதிகளின் வழக்குகள் அலிப்பூருக்குச் செல்லும். சியால்தாவில் தனி நீதிமன்றம் உள்ளது. காவல்துறை ஒன்றாயினும் நீதிமன்றங்கள் பலவாதலின், ஒரே ஆள்மீது நகரின் இரு பகுதிகளில் வழக்கு இருப்பின், அவர் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு நீதிமன்றங்களுக்குச் செல்ல வேண்டியவராகிறார்.

புகாரின் முதற்படி

இன்றைய சட்டத்தில் திருட்டு, நியாய சன்ஹிதாவின் 303 ஆம் பிரிவில் அடங்கும். பொதுத் தண்டனை முன்போலவே மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் ஆகும். இரண்டாம் முறையோ அதற்கு மேலோ தண்டிக்கப்படுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாத, ஐந்தாண்டுவரையான கடுங்காவலும் அபராதமும் விதிக்கப்படும். இக்குறைந்த அளவு பழைய 379 ஆம் பிரிவில் இல்லாததாகும்.

இதனுடன் ஒரு காப்புரையும் சேர்க்கப்பட்டுள்ளது. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவராயின், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தவிடத்து அவருக்குச் சமூக சேவையே தண்டனையாகும். நியாய சன்ஹிதாவில் சமூக சேவை இடம்பெறும் ஆறு குற்றங்களுள் இதுவும் ஒன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இத்தகைய தண்டனை இருந்ததில்லை.

நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணை இம்மாற்றத்திற்கு ஏற்ப அமைந்துள்ளது. 5,000 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள திருட்டில் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யலாம். பிணை, நீதிமன்றத்தின் முடிவைப் பொறுத்தது. அம்மதிப்புக்குக் குறைந்த திருட்டிலோ பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாது. பிணை உரிமையாகவே கிடைக்கும். நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை அதனைப் புலனாய்வு செய்யவும் கூடாது. நிலைய அலுவலர் தகவலைக் குறித்துக்கொண்டு, புகார் கொடுத்தவரை நடுவரிடம் அனுப்ப வேண்டும். இத்தகைய பதிவுகளைப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை நடுவருக்கு அனுப்பவும் வேண்டும்.

கைது, பிணை, காவல்

மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டும் வழக்குகளிலும் கைது என்பது தானாக நிகழ வேண்டியதன்று. ஏழாண்டுவரை தண்டனைக்குரிய குற்றங்களில், கைதின் தேவையைக் காரணங்காட்டி எழுத வேண்டும் என அர்னேஷ் குமார் வழக்கில் 2014 இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்திற்று. கைது செய்யும் முறையைப் பற்றிய முன்னோடித் தீர்ப்பு கொல்கத்தாவிலிருந்தே எழுந்தது. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவராயிருந்த டி.கே. பாசு, காவல்நிலைய மரணங்களைப் பற்றி 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் மனுவாக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கைதுக் குறிப்பு எழுதுதல், உறவினருக்கு அறிவித்தல், மருத்துவப் பரிசோதனை முதலிய 11 நெறிமுறைகளை வகுத்தது.

கைதான ஏழைக்கு எழும் அடுத்த இடர்ப்பாடு பிணையாள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்தும் மேற்கு வங்கத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கொல்கத்தாவுக்கு வருவோர்க்கு, நகரில் சொத்துள்ள பிணையாள் கிடைப்பது அரிது. வேறு மாவட்டத்தவர் என்ற காரணத்தால் பிணையாளை மறுத்தல் தகாது என்பதை 1978 இல் மோதிராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தெளிவுபடுத்தினார். பிணை உரிமையாகக் கிடைக்கும் குற்றத்தில், கைதான ஒரு வாரத்திற்குள் பிணையாள் தர இயலாதவரை வறியவராகக் கொண்டு அவரது சொந்தப் பொறுப்பில் விடுவிக்கச் சட்டமே வழிசெய்கிறது.

பிற திருட்டு வழக்குகளில் 60 நாள்களுக்குள் குற்ற அறிக்கை தாக்கலாகாவிடில் பிணை கிடைக்கும். மேலும், புதிய சட்டத்தின் 479 ஆம் பிரிவின்படி, முன்னர் தண்டனை பெறாதவர், உச்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைக் காவலில் கழித்திருப்பின் விடுவிக்கப்பட வேண்டும். இதற்கு விண்ணப்பிக்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. முன்னரே தொடங்கிய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஆணையிட்டது.

எனினும் இச்சலுகைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலிருந்தால் 479 ஆம் பிரிவின் பயன் அவருக்குக் கிட்டாது. சிறு திருட்டில் பிடிபடுவோர்மீது ஒரே காலத்தில் இரண்டு மூன்று வழக்குகள் இருத்தல் இயல்பு. ஆகவே, யாருக்கு இப்பிரிவு மிகவும் தேவையோ, அவருள் பலரை இது எட்டுவதில்லை. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளிலிருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகளாவர். மேற்கு வங்கம் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தன் சிறைகளைச் சீர்திருத்த இல்லங்கள் எனப் பெயர் மாற்றிற்று. தீர்ப்பு வராத ஒருவரைச் சீர்திருத்துவது எங்ஙனம் என்ற வினாவுக்குப் பெயர்மாற்றம் விடையாகாது.

வழக்கு முடியும் வழிகள்

நீதிமன்றத்துக்கு வந்த சிறு திருட்டு வழக்கு கீழ்க்கண்ட வழிகளுள் ஒன்றில் முடிவடையும்.

1. சுருக்கமுறை விசாரணை: திருடப்பட்ட பொருளின் மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேற்படாதபோது, நடுவர் சுருக்கமுறையில் விசாரித்தல் வேண்டும். முன்பு இது நடுவரின் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது; இப்போது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இம்முறையில் மூன்று மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்க இயலாது.

2. சமரசம்: 303 ஆம் பிரிவுத் திருட்டைப் பொருளின் உரிமையாளர் நீதிமன்ற அனுமதியின்றியே சமரசமாகத் தீர்த்துக்கொள்ளலாம். இதன் சட்டப்பயன் விடுதலையேயாகும். 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 250 ரூபாய்க்கு மேற்படாத திருட்டுகளில் மட்டும், அதுவும் நீதிமன்ற அனுமதியுடன், சமரசம் செய்ய இயன்றது. 2008 ஆம் ஆண்டுத் திருத்தமே மதிப்பு வரம்பை நீக்கிற்று. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் நடத்தும் லோக் அதாலத்துகளில் இத்தகைய வழக்குகளை எடுத்துக்கொள்ளலாம்.

3. சமூக சேவை: மேற்சொன்ன 5,000 ரூபாய்க் காப்புரையின்படி விதிக்கப்படுவது. இது சமுதாயத்துக்குப் பயன்படும், ஊதியமற்ற பணி எனச் சட்டம் வரையறுக்கிறது. எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் என்பதை அது வரையறுக்கவில்லை.

4. கண்டித்து விடுதலும் நன்னடத்தையும்: 1958 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் முன்தண்டனையற்றவரைக் கண்டித்து விடவும், நன்னடத்தைப் பிணையில் விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கிறது. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று ஆராய்தல் வேண்டும். இச்சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு நேராது என்பது இதன் தலையாய நன்மை.

5. குற்றத்தை ஒப்புக்கொள்ளல்: குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டால் நடுவர் உடனே தண்டனை விதிக்கலாம். காவலில் கழித்த நாள்கள் தண்டனைக் காலத்தில் கழிக்கப்படும்.

6. உடன்பாட்டுத் தண்டனை: 2006 ஜூலையில் செயலுக்கு வந்த இம்முறையில், அரசுத் தரப்பும் குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் உடன்பாட்டுக்கு வருகின்றனர். புதிய சட்டப்படி முதற்குற்றவாளிக்கு உச்சத் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம். திருட்டில் அது ஆறு மாதம் ஆகும். சுருக்கமுறை விசாரணையின் உச்சமே மூன்று மாதமாதலின், சிறு திருட்டில் இவ்வழியால் பயன் மிகக் குறைவு.

7. முழு விசாரணை: சாட்சிகளை விசாரித்துத் தண்டித்தலோ விடுவித்தலோ இதன் முடிவு. பொருளை இழந்தவர் நீதிமன்றத்துக்கு வாராமையாலும், கைப்பற்றியபோது உடனிருந்த சாட்சிகள் கிடைக்காமையாலும் சிறு வழக்குகள் வலுவிழத்தல் உண்டு.

பதினெட்டு வயது நிரம்பாதோர் இந்நீதிமன்றங்களுக்கு வருவதில்லை. அவர்கள் 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் கொணரப்படுவர். சிறு குற்ற விசாரணை நீட்டிக்கப்பட்ட காலத்துக்குள்ளும் முடியாவிடின் அந்நடவடிக்கை அத்துடன் முற்றுப்பெறும்.

ஒப்புக்கொள்வதன் விலை

மேற்கண்ட ஏழனுள் ஐந்தாவது வழியே விரைவானது. அதுவே ஏழைக்கு மிகவும் விலையுயர்ந்ததாகவும் முடியலாம். இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். நாளொன்றுக்கு 500 ரூபாய் ஈட்டும் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், 6,000 ரூபாய் மதிப்புள்ள கைபேசியைத் திருடியதாகக் கைது செய்யப்படுகிறார் எனக் கொள்வோம். பிணையாள் இன்மையால் 60 நாள் காவலிலிருந்தால் அவர் குடும்பம் இழக்கும் ஊதியம் 30,000 ரூபாய். இது பொருளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு. இந்நிலையில், ஒப்புக்கொண்டால் காவலில் கழித்த நாள்களே தண்டனையாகி இன்றே வீடு திரும்பலாம் என்ற நிலை வருமாயின், குற்றமற்றவரும் ஒப்புக்கொள்ளத் துணிவார்.

ஆனால் அன்றைய ஒப்புதல் அவர்மீது தண்டனைப் பதிவாக நிலைத்துவிடுகிறது. அடுத்த முறை ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டுத் தண்டனையும் பெற்றால், 303 ஆம் பிரிவின்படி ஓராண்டு கடுங்காவலுக்குக் குறைக்க இயலாது. சமூக சேவைக் காப்புரையும், 479 ஆம் பிரிவின் சலுகையும், நன்னடத்தைச் சட்டத்தின்கீழ்க் கண்டித்து விடுதலும் அவருக்கு இனியில்லை. ஆகவே, விடுதலையைத் தரும் சமரசத்துக்கும், தண்டனையைப் பதியும் ஒப்புதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் அறிந்த மொழியில் எடுத்துரைத்தல் சட்ட உதவி வழக்கறிஞரின் முதற்கடமையாகும். காவலிலுள்ள எவரும் வருமானத்தைக் கருதாமலே இலவசச் சட்ட உதவி பெறலாம் என 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் கூறுகிறது.

இங்கே மற்றொரு முரண்பாடும் நோக்கத்தக்கது. 20,000 ரூபாய்வரையான திருட்டில் விதிக்கத்தக்க உச்சத் தண்டனை மூன்று மாதம். ஆயினும் 479 ஆம் பிரிவு மூன்றாண்டையே அளவாகக் கொள்வதால், அதன்வழி விடுதலை ஓராண்டு கழிந்த பின்னரே வரும். தீர்ப்பால் வரக்கூடிய தண்டனையைவிடத் தீர்ப்புக்கு முந்திய காவல் நான்கு மடங்கு நீளக்கூடும்.

5,000 ரூபாய் எல்லை

பொருளை இழந்தவரின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 4,500 ரூபாய் விலையுள்ள பழைய கைபேசி ஒரு வீட்டுப் பணியாளருக்கு வேலை தேடித் தரும் கருவி. அது திருடப்பட்டால், புலனாய்வுக்கு அவர் நடுவரின் ஆணையைப் பெற வேண்டும். 40,000 ரூபாய்க் கைபேசியை இழந்தவருக்கு அத்தேவை இல்லை. கூலி நாளை இழந்து பாங்க்ஷாலுக்கோ அலிப்பூருக்கோ செல்ல அவர் முற்படாவிடில், இழப்பு அவரோடே நின்றுவிடும். ரூபாயில் அளந்தால் சிறிதாகத் தோன்றும் இழப்பு, வருமானத்தின் பங்காக அளந்தால் பெரிதாகிறது என்பது பொருளியலின் தொடக்கப் பாடம்.

மதிப்பெல்லையினால் மதிப்பீடே வழக்கின் மையமாகும் இடரும் உண்டு. புகார் கொடுப்பவர் புலனாய்வை வேண்டி விலையைக் கூட்டிச் சொல்லத் தூண்டப்படுவார். பணிச்சுமை மிகுந்த நிலையம் அதனைக் குறைத்தெழுதத் தூண்டப்படலாம். பழைய பொருளுக்கு வாங்கிய விலையா, இன்றைய விலையா என்பதும் ஐயத்துக்கிடமானது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வீட்டினுள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடுவது தூக்குத் தண்டனைக்குரியதாயிருந்தது. இரக்கமுற்ற நடுவர் குழுவினர் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்றே தீர்மானித்து உயிரைக் காத்தனர். எல்லைக்கோடு எங்கிருப்பினும் அதனருகே மதிப்பீடு வளையும் என்பதற்கு இது சான்று.

இடமும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. எஸ்பிளனேடு நடைபாதையில் பறிபோன 3,000 ரூபாய் 303 ஆம் பிரிவில் அடங்கும். அதே பணம் பேருந்தினுள் திருடப்பட்டால், பயணிகள் ஊர்தியிலிருந்து பொருளைத் திருடுவதைக் கூறும் 305 ஆம் பிரிவின் சொற்கள் பொருந்தக்கூடும். அதற்குத் தண்டனை ஏழாண்டுவரை, சமரசத்துக்கும் இடமில்லை. கும்பலாகச் செயற்படும் பணப்பைத் திருடர்களுக்கு 112 ஆம் பிரிவு தனித் தண்டனை வகுத்துள்ளது.

இறுதியாக, பண மதிப்பின் தேய்வையும் கருத வேண்டும். சுருக்கமுறை விசாரணைக்கான எல்லை 1898 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடக்கத்தில் 50 ரூபாயாகவும், 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 200 ரூபாயாகவும் இருந்தது. 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2,000 ஆகவும், 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 20,000 ஆகவும் உயர்ந்தது. விலைவாசி ஆண்டுதோறும் ஏறும்போது, எல்லை பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே உயர்கிறது. இடைக்காலத்தில் சட்டத்தை யாரும் திருத்தாமலே அதன் பயன் குறுகிவிடுகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2014 இல் மக்கள் வாக்கெடுப்பின்வழி, 950 டாலருக்கு மேற்படாத திருட்டு சிறு குற்றமாக்கப்பட்டது. 2024 நவம்பரில் நடந்த மற்றொரு வாக்கெடுப்பு, மீண்டும் மீண்டும் திருடுவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கிற்று. இங்கிலாந்திலும் 200 பவுனுக்கு மேற்படாத கடைத்திருட்டைக் கீழ் நீதிமன்றங்களிலேயே தீர்க்க 2014 இல் சட்டமியற்றப்பட்டு, பின்னர் அது வணிகர்களின் குறைகூறலுக்குள்ளாயிற்று. தண்டனையைக் குறைத்ததைக் காட்டிலும், சிறு இழப்பைக் காவல்துறை பொருட்படுத்துவதில்லை என்ற எண்ணமே மக்களின் எதிர்ப்புக்கு ஆளாயிற்று எனலாம். தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என பெக்காரியா 1764 இலேயே எடுத்துரைத்தார். தண்டனையை மென்மையாக்குவதும் புலனாய்வைக் கைவிடுவதும் வெவ்வேறானவை. புதிய சட்டம் இவ்விரண்டையும் ஒரே எல்லையில் பிணைத்துள்ளது.

செய்ய வேண்டுவன

சட்டத்தின் நோக்கம் நிறைவேற நிருவாகம் செய்யத்தக்கன சில உள. முதலாவதாக, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுத் தகவல்கள் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை நடுவரிடம் வரும்போது, அவற்றுள் புலனாய்வுக்கு உரியவற்றைத் தெரிந்தெடுத்து ஆணையிடும் வழக்கம் நிலைபெற வேண்டும். ஒரே இடத்தில் பல திருட்டுகள் நிகழ்ந்திருப்பின் அதனால் தெரியவரும். இரண்டாவதாக, சமூக சேவைக்குரிய இடங்கள், கால அளவு, மேற்பார்வையாளர் ஆகியவை மாநில விதிகளால் தெளிவாக்கப்பட வேண்டும். நன்னடத்தை அலுவலர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாவிடத்து இத்தண்டனை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

மூன்றாவதாக, கைப்பற்றிய பொருளை விரைந்து உரியவரிடம் சேர்த்தல் வேண்டும். நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட பொருளுக்கு 14 நாள்களுக்குள் விவரப் பட்டியலும் புகைப்படமும் ஆயத்தம் செய்து, அதன்பின் 30 நாள்களுக்குள் பொருளை ஒப்படைக்கும் ஆணையைப் பிறப்பிக்க 497 ஆம் பிரிவு வழிசெய்துள்ளது. இழந்தவர் வேண்டுவது பெரும்பாலும் பொருளையே. வழக்கு முடியும்வரை அது காவல்நிலையக் கிடங்கில் பழுதாவதால் யாருக்கும் பயனில்லை. நான்காவதாக, பல நீதிமன்றங்களில் ஒருவர்மீதுள்ள சிறு வழக்குகளைச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரே கவனித்து, சமரசத்துக்குரியவற்றை முதலில் முடித்தால், 479 ஆம் பிரிவின் தடை நீங்கும்.

சிறு திருட்டுச் சட்டம் இன்று இரு வகை ஏழைகளிடையே நிற்கிறது. ஒருவர் சிறுபொருளை இழந்தவர். மற்றவர் அதனை எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். முன்னவருக்குப் பொருளும், பின்னவருக்குப் பொருளின் அளவுக்கு மிகாத தண்டனையும் கிடைத்தால் சட்டம் தன் பணியைச் செய்ததாகும். அவ்விரண்டுக்கும் வேண்டிய பிரிவுகள் ஏட்டில் உள்ளன. பாங்க்ஷாலிலும் எழும்பூரிலும் அன்றாடம் அமரும் நடுவர்களும், காவல் அலுவலர்களும், சட்ட உதவி வழக்கறிஞர்களும் அவற்றை எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்பதைப் பொறுத்தே சீர்திருத்தத்தின் வெற்றி அமையும்.